உரோமாபுரி வெள்ளிக் காசுகளிற் பெண்ணுருவம்

சென்ற ஆண்டு நம் கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. பண்டை நாகரிகங்களுள் மகளிரைப் பெரிதும் மதித்தது எது என்பதே அன்றைய பொருள். எகிப்துக்கு ஒருவரும், கிரேக்கத்துக்கு ஒருவரும், உரோமாபுரிக்கு ஒருவருமாக மாணவர் மூவர் வழக்காட எழுந்தனர். மூன்றாமவர் கையில் ஒரு படம் இருந்தது. உரோமாபுரியின் வெள்ளிக் காசொன்றைப் பன்மடங்கு பெரிதாக்கி எழுதிய படம் அது. ஒரு பக்கத்தில் பேரரசி ஒருத்தியின் முகம். மறு பக்கத்தில் மயில் அருகு நிற்க விளங்கும் ஜூனோ தேவி. தம் அரசியின் முகத்தைக் காசிற் பொறித்து, அம்முகத்துக்கு இணையாகத் தெய்வத்தையும் நிறுத்திய நாட்டினும் மகளிரை மதித்த நாடு வேறு எங்குளது என்று அவர் வினவினார். மன்றம் கைகொட்டிற்று. தீர்ப்பளித்தோரும் அவர் பக்கமே சாய்ந்தனர்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த யானும் கைகொட்டினேன். அம்மாணவரின் நாவன்மை அத்தகையது. ஆயினும் இல்லம் திரும்பும் வழியில் என் உள்ளம் அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. அக்காசுகளைப் பற்றிக் கிடைத்த நூல்களைப் படித்தும், அருங்காட்சியகத்திற் சில காசுகளை நேரிற் கண்டும் ஓராண்டு கழிந்த பின்னர், அன்று சொல்லாது விட்டதை இன்று சொல்லத் துணிகிறேன். அக்காசுகள் புகழ்ச்சிக்குச் சான்றேயன்றி மதிப்புக்குச் சான்று ஆகா. ஒருத்தியை உள்ளவாறு அறிந்து ஏற்பது மதிப்பு. அவள் இன்னவாறு இருத்தல் வேண்டுமென நாம் விரும்பும் வடிவத்தை அவள்மேற் போர்த்துக் கைகூப்புவது புகழ்ச்சி. உரோமாபுரி தன் பேரரசியர்க்குப் புகழ்ச்சியை வாரி வழங்கிற்று. மதிப்பைப் பெரும்பாலும் வழங்கவில்லை. இதுவே என் கருத்து.

முதலில் அக்காசின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உரோமர் வழங்கிய வெள்ளிக் காசுகளுள் தலைமையானது தெனாரியஸ் எனப்படும். கார்த்தேஜ் நகரத்தாரோடு நிகழ்ந்த இரண்டாம் பெரும்போரின் இடையில், ஏறத்தாழக் கி. மு. 211இல், அது முதன்முதல் அடிக்கப்பட்டது. அகஸ்டஸ் காலத்தில் அதன் நிறை ஏறக்குறைய 3.9 கிராம், நம் பாட்டன்மார் வழங்கிய வெள்ளி ரூபாயின் நிறையில் மூன்றிலொரு பங்கு. கூலியாள் ஒருவனுக்கு அது ஒருநாட் கூலி என்பதைச் சுவிசேஷத்தில் வரும் திராட்சத்தோட்ட உவமையால் நாம் அறிவோம். முதல் தெனாரியஸிலேயே பெண்ணுருவம் உண்டு. ஆனால் அது மானிடப் பெண்ணன்று. தலைச்சீரா அணிந்த உரோமா தேவி, அந்நகரமே பெண்ணுருக் கொண்டாற்போல, அக்காசில் விளங்கினாள். நாணயம் அடிக்கும் அக்கசாலையும் ஜூனோ மொனேட்டா என்னும் தேவியின் கோயிலை அடுத்து இருந்தது. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அத்தேவியின் பெயரினின்றே பிறந்தது. கி. மு. 46இல் காரிசியஸ் என்னும் அதிகாரி அவள் முகத்தை ஒருபுறமும், அச்சு, சம்மட்டி, குறடு ஆகிய கருவிகளை மறுபுறமும் பொறித்துக் காசு வெளியிட்டான்.

தேவியர்க்கு இருந்த இடம் மானிட மகளிர்க்கு நெடுங்காலம் இல்லை. ஆடவர்க்கும் உயிரோடிருக்கையில் அவ்விடம் எளிதிற் கிட்டவில்லை. உரோமாபுரியில் அடித்த காசில் தன் முகத்தைத் தானே கண்ட முதல்வன் ஜூலியஸ் சீசர்; அது கி. மு. 44இல் நிகழ்ந்தது. மகளிர் முகம் அதன் பின்னர், அந்தோனியின் வழியாகக் காசுகளில் வெளிப்பட்டது. அவன் தன் மனைவி ஒக்டேவியாவின் முகத்தைப் பொற்காசிற் பொறித்தான். கி. மு. 32இல் எகிப்து அரசி கிளியோபாத்ராவின் முகத்தைத் தெனாரியஸில் வைத்து, அரசர்களாகிய மைந்தரையுடைய அரசர்க்கரசி என்று எழுதுவித்தான். அதே ஆண்டில் ஒக்டேவியாவை மணவிலக்குச் செய்தான். வெள்ளிக் காசினுள் ஒருத்தி புகுந்த ஆண்டும், இல்லத்தை விட்டு ஒருத்தி நீங்கிய ஆண்டும் ஒன்றே. பின்வந்த காசுகளின் கதையெல்லாம் இந்தத் தொடக்கத்திலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

முதல் நூற்றாண்டு முடிவதற்குள் பேரரசியர் காசு ஓர் ஒழுங்கில் அமைந்துவிட்டது. நம் சிறுவர் காசைச் சுண்டிப் "பூவா, தலையா" என்று கேட்பர் அல்லரோ? இக்காசுகளின் தலைப்பக்கத்தில் பேரரசியின் முகமும் பெயரும் இருக்கும். பூப்பக்கத்தில் ஒரு தேவியின் உருவமும் பெயரும் இருக்கும். அத்தேவியர் இருவகையர். ஜூனோ, வீனஸ், வெஸ்டா, சீரிஸ் முதலியோர் கோயிலும் பூசையும் உடைய பழந்தெய்வங்கள். மயிலோடு நிற்பவள் ஜூனோ. கனியை ஏந்துபவள் வீனஸ். அணையாத் தீக்குரியவள் வெஸ்டா. தானியக் கதிர்களைக் கொண்டவள் சீரிஸ். மற்றொரு வகையினர் குணங்களே பெண்ணுருக் கொண்டவர். முக்காட்டைக் கையால் இழுத்துவிடும் கற்பு, குழந்தையை ஏந்தி நிற்கும் மகப்பேறு, வளக்கொம்பு ஏந்தி வீற்றிருக்கும் இணக்கம், பலிபீடத்தருகே நிற்கும் பக்தி ஆகியோர் அவ்வகையினர். எழுத்தறியாதவனும் இவ்வடையாளங்களாற் செய்தியை உணர்ந்துகொள்வான். செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில், பிரித்தானியா முதற் சிரியா வரை அரசின் வாய்ச்சொல்லைச் சுமந்து சென்ற தூது இக்காசே. ஆதலின் இதனை வாசிக்குங்கால் ஒன்றை மறத்தலாகாது. இது பேரரசி பேசிய பேச்சன்று. பேரரசியைப் பற்றி அரசவை பேச விரும்பிய பேச்சு.

அப்பேச்சு எத்தகையது என்பதற்கு அகஸ்டஸின் ஒரே மகளாகிய ஜூலியாவை முதற்சான்றாகக் கொள்வோம். தந்தை ஆணைப்படியே அவள் முறையே மூவர்க்கு மனைவியானாள். கி. மு. 13இல் வெளிவந்த தெனாரியஸில் ஒருபுறம் அகஸ்டஸின் முகம்; மறுபுறம் ஜூலியாவின் முகம், அவள் மைந்தர் காயஸ், லூசியஸ் ஆகிய இருவர்க்கு இடையில் விளங்குகிறது. அவள் தலைக்குமேல் ஒரு மாலையும் காட்டப்பட்டுள்ளது. அவ்வாண்டுக் காசு வேறொன்றில் வரும் டயானா தேவியின் முகமும் ஜூலியாவின் சாயலுடையது என்று அறிஞர் பலர் கருதுவர். பதினோர் ஆண்டுகள் சென்றன. கி. மு. 2இல், ஒழுக்கம் தவறினாள் என்ற குற்றத்தைச் சாற்றித் தந்தையே அவளைப் பாண்டதேரியா என்னும் சிறு தீவுக்குக் கடத்தினான். அவளுடன் சென்றவள் பெற்ற தாயாகிய ஸ்கிரிபோனியா ஒருத்தியே; அவளும் தானே விரும்பிச் சென்றாள். மது அருந்துதலும் ஜூலியாவுக்கு விலக்கப்பட்டது. இறந்தபின் அவள் எச்சத்தைத் தன் கல்லறையில் வைத்தலாகாது என்றும் தந்தை கட்டளையிட்டான். அதே கி. மு. 2ஆம் ஆண்டு தொடங்கி ஒரு புதிய தெனாரியஸ் வெளிவந்தது. அதில் காயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்கின்றனர். எழுத்து அவர்களை அகஸ்டஸின் புதல்வர் என்கிறது. பாட்டன் அவர்களை மகன்மையாக ஏற்றிருந்தானாதலின் அது பொய்யன்று. ஆனால் இடையில் இருந்த தாயின் முகம் இல்லை.

இக்காசுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு நேரடித் தொடர்புண்டு. மிளகுக்கு விலையாக யவனர் பொன் கொணர்ந்த செய்தியை அகநானூற்றால் அறிகிறோம். அவர்கள் வெள்ளியும் கொணர்ந்தனர். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 தெனாரியஸ் காசுகள் ஒருங்கே கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர் முதலிய இடங்களிலும் உரோமர் வெள்ளி வெளிப்பட்டுள்ளது. இந்திய மண்ணிற் கிடைக்கும் அகஸ்டஸ் காசுகளுள் மிகுதியானது, தாயில்லாத அவ்விரு மைந்தர் காசே. வணிகர் மிளகையும் முத்தையும் கொடுத்து அதனைப் பெற்றபோது, அதில் ஒரு முகம் இல்லை என்பதை அறிந்திரார். அவர்கள் நோக்கியது வெள்ளியின் தூய்மையை. கி. பி. 64இல் நீரோ மன்னன் காசின் நிறையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் இந்நாட்டிற் குறைவாகவே கிடைப்பதற்கு அக்குறைப்பே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். மூத்த பிளினி என்னும் உரோம ஆசிரியரோ, இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் உரோமாபுரியினின்று பத்துக் கோடி செஸ்தர்ஸ், அஃதாவது இரண்டரைக் கோடி தெனாரியஸ், கவர்ந்து செல்வதாகக் கணக்கிட்டு, அப்பழியை ஆடம்பரத்தின் மீதும் மகளிர் மீதும் சுமத்தினார். காசிற் பெண் தெய்வமானாள். காசு குறைந்தபோது அவளே குற்றவாளியானாள்.

நம் மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் மற்றொரு காசு டைபீரியஸ் மன்னனுடையது. அதன் பின்புறத்தில் ஒரு பெண் நாற்காலியில் வீற்றிருக்கிறாள். ஒரு கையிற் கோல்; மறு கையில் ஒலிவக்கிளை. எழுத்தோ மன்னனின் குருப்பட்டத்தை மட்டும் கூறுகிறது. அவள் அமைதித் தேவியின் கோலத்தில் அமர்ந்த லிவியா, மன்னனைப் பெற்ற தாய், என்று அறிஞர் பலர் கருதுவர். வரிப்பணத்தைக் காட்டுங்கள் என்று இயேசுநாதர் கேட்டு வாங்கி, அதிலிருந்த உருவம் யாருடையது என்று வினவிய காசு இதுவே என்பது நெடுநாளைய கருத்து. அவ்வினாவுக்கு ஒரு பக்கத்தைக் கொண்டே விடை கூறப்பட்டது. மறு பக்கத்தில் இருந்தவளைப் பற்றி அன்று எவரும் கேட்டிலர். லிவியா கி. பி. 29இல் இறந்தாள். மகன் அவள் சவ அடக்கத்துக்கு வரவில்லை. ஆன்றோர் அவைக்கு அவளைத் தெய்வமாக்கும் எண்ணம் இருந்தும் அவன் அதனைத் தடுத்தான். பதின்மூன்று ஆண்டு கழித்துக் கிளாடியஸ் மன்னனே அச்சிறப்பை அளித்தான். பெயரில்லாத பெண்ணாக இலட்சக்கணக்கான காசுகளில் அமர்வதற்கு அவள் தக்கவள். பெயரோடு போற்றப்படுவதற்கு மகன் மனம் இசையவில்லை.

பெயரோடு காசில் ஏறியவள் கதி யாதாயிற்று என்பதை நீரோவின் தாய் அக்ரிப்பைனா காட்டுவாள். கிளாடியஸின் மனைவியாக இருந்தபோது, சீரிஸ் தேவிக்குரிய கதிர்மாலை சூடிய கோலத்தில் அவள் முகம் வெள்ளியில் வந்தது. கி. பி. 54இல் பதினாறு வயது நீரோ அரியணை ஏறியவுடன் வெளிவந்த காசில், தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குகின்றனர். அவ்வுருவங்களைச் சூழ்ந்த எழுத்து தாயின் பெயரையே கூறுகிறது; மகன் பெயர் பின்புறத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக் காசில் மகன் முகம் முன்னும், தாய் முகம் அதன் பின்னும் அமைந்து, அவள் பெயர் பின்புறத்துக்கு மாறிற்று. அதற்கடுத்த காசுகளில் அவளே இல்லை. கி. பி. 59இல் மகனின் ஏவலால் அவள் கொல்லப்பட்டாள். ஒரு பெண்ணின் வீழ்ச்சியை மூன்று காசுகள் இவ்வளவு சுருக்கமாகக் கூறுதல் வியப்பே. அவள் அதிகார வேட்கை உடையவள் என்று நூலோர் கூறுவர், அது உண்மையாகலாம். அவ்வேட்கைக்காக ஆடவர் பலர் மாவீரர் எனப் புகழப்பெற்றனர் என்பதும் உண்மையே.

இனி, நல்வாழ்வு வாழ்ந்தார் என்று கருதப்படும் இருவரை நோக்குவோம். மூத்த பௌஸ்டினா, அந்தோனினஸ் மன்னனின் மனைவி, கி. பி. 140ஐ ஒட்டி இறந்தாள். அவன் அவள் நினைவாகக் கோயில் எடுத்தான். அதன் தூண்கள் இன்றும் உரோமாபுரியில் நிற்கின்றன. தன் ஆட்சிக்காலம் முழுதும் அவள் பெயரால் நித்தியம் என்னும் தேவியின் உருவம் முதலியவற்றைக் காசுகளிற் பொறித்து வந்தான். ஏழைச் சிறுமியரைப் பேணுதற்கு அவள் பெயரால் ஓர் அறம் நிறுவி, அச்செய்தியையும் காசில் வெளியிட்டான். இத்தனைக் காசுகளுள் என் உள்ளம் முழு மனத்தோடு ஏற்பது அவ்வறத்தைக் கூறும் காசொன்றையே. தேவியின் உருவம் எவர்க்கும் உணவளிக்கவில்லை, அவ்வறம் அளித்தது.

அவள் மகள் இளைய பௌஸ்டினா, மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி. அவள் காசுகளில் மகப்பேறு என்னும் தேவி மீண்டும் மீண்டும் தோன்றுகிறாள். கி. பி. 161இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, அரியணையில் இரு மகவு அமர்ந்த காசு வெளியாயிற்று. காலத்தின் இன்பம் என்பது அதன் எழுத்து. அவள் பெற்ற மக்கள் பன்னிருவர்க்குக் குறையார். அவருள் ஏறத்தாழப் பாதியினர் இளமையிலேயே மாண்டனர். அரியணையிற் காட்டப்பட்ட இரட்டையருள் ஒருவன் நான்காம் வயதில் இறந்தான். பிழைத்தவனே பின்னாளிற் கொடுங்கோலனாகிய கொமோடஸ். தொட்டில் ஒவ்வொன்றாக வெறுமையாகிக்கொண்டிருந்த அரண்மனையினின்று மகப்பேற்றின் மகிழ்ச்சியைப் பறைசாற்றும் காசுகள் வந்துகொண்டேயிருந்தன. பிறப்புக்குக் காசு அடித்தனர். தாயின் துயர்க்கு ஒரு காசும் இல்லை. என்னை? அரசுக்கு வேண்டியது வழித்தோன்றலேயன்றித் தாயின் மனம் அன்று.

இல்லற இணக்கம் என்னும் தேவியைக் குறித்த காசுகள் இவற்றினும் துயரமானவை. கி. பி. 202இல் காரக்கல்லா என்னும் இளவரசன், தந்தை செவரஸ் மன்னனின் ஆணையாற் பிளாட்டில்லா என்னும் பெண்ணை மணந்தான். அவள் காசில் மணமக்கள் கைபற்றி நிற்கின்றனர். இன்ப இணக்கம் என்றும், பேரரசின் வழிவளர்ச்சி என்றும் எழுத்துக்கள் உள. அதே மணவாழ்வைப் பற்றி எரோடியன் என்னும் சரித்திர ஆசிரியர் கூறுவதோ, அவன் அவளோடு உண்ணவும் உறங்கவும் மறுத்தான் என்பது. கி. பி. 205இல் அவள் தந்தை கொல்லப்பட்டான். அவள் லிப்பாரித் தீவுக்குத் துரத்தப்பட்டாள். மாமன் இறந்து கணவன் முடிபுனைந்த பின் அவளும் கொல்லப்பட்டாள். இருபது ஆண்டு கழித்து, கி. பி. 225இல், ஓர்பியானா என்னும் பெண் அலெக்சாந்தர் மன்னனுக்கு மனைவியானாள். அவள் தெனாரியஸிலும் இணக்கத் தேவியே வீற்றிருக்கிறாள். இரண்டாண்டில் மாமியாரின் பகைமையால் அவள் லிபியாவுக்கு நாடுகடத்தப்பட்டாள். இல்லத்தில் இணக்கம் இல்லாதபோதே அதனைக் காசில் உரத்துக் கூறவேண்டிய தேவை மிகுந்தது போலும்!

இதுகாறும் கூறியவை துன்புற்றவர் கதைகள். அதிகாரமும் அறிவும் உடையவளாக விளங்கிய ஒருத்தியைக் காசு எங்ஙனம் காட்டிற்று என்பதே என் வழக்குக்கு உயிர்நிலை. அவள் சிரியா நாட்டு எமேசா நகரத்துக் குருவின் மகள், செவரஸின் மனைவி, ஜூலியா டோம்னா. தத்துவமும் சொற்கலையும் வல்ல அறிஞரைச் சூழ வைத்திருந்தாள். அப்பொல்லோனியஸ் என்னும் ஞானியின் வரலாற்றை பிலாஸ்திராத்தஸ் எழுதியது அவள் வேண்டுகோளால் என்பதை அவரே கூறியுள்ளார். மகன் காரக்கல்லா ஆண்டபோது, இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அரசனுக்கு வரும் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் கவனிக்கும் பொறுப்பு அவளிடம் இருந்ததாக தியோன் காசியஸ் எழுதுகிறார். இத்துணைப் பெரியவளுக்கு அடித்த காசுகளின் வகை பலவாகும். அவற்றில் ஜூனோ வருகிறாள், மயிலோடு. வீனஸ் வருகிறாள், கனியோடு. தெய்வங்களின் தாய் வருகிறாள், சிங்கங்களோடு. வெஸ்டா, பக்தி, கற்பு ஆகியோரும் வருகின்றனர். ஏடும் எழுதுகோலும் ஏந்திய பெண் ஒரு காசிலும் இல்லை. அவள் உண்மையிற் செய்த தொழிலுக்கு அக்கசாலையில் அச்சு இல்லை.

கி. பி. 211இன் இறுதியில் காரக்கல்லா தன் தம்பி கேட்டாவைக் கொல்வித்தான். உயிர் பிரிந்தது தாயின் மடியில். இறந்தவனுக்காக அழுதலும் அவளுக்கு விலக்கப்பட்டது என்கிறார் தியோன். கேட்டாவின் பெயர் நாடெங்கும் கல்வெட்டுக்களினின்று செதுக்கி நீக்கப்பட்டது. அப்போதும் அவள் காசுகள் வெளிவந்துகொண்டிருந்தன. பேரரசின் தாய், ஆன்றோர் அவையின் தாய், தாய்நாட்டின் தாய் என்று அவளைப் போற்றின. தன் மகனுக்குத் தாயாயிருந்து கண்ணீர் விடும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. கி. பி. 215இல் காரக்கல்லா ஒரு புதிய பெரிய வெள்ளிக் காசை அடித்தபோது, மன்னன் தலையிற் கதிரவனின் கதிர்முடியும், அவள் தோளின்கீழ் இளம்பிறையும் வைக்கப்பட்டன. இரவல் ஒளியே நிலவின் ஒளி என்னும் எண்ணத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

அங்ஙனமாயின் இக்காசுகள் பயனற்ற பொய்களோ எனின், அற்றன்று. நூலெழுதிய ஆடவர் பலர் பேரரசியரைப் பற்றி வம்புச் செய்திகளையே மிகுதியாக எழுதினர். இளைய பௌஸ்டினாவைத் தூற்றியோரும் உளர். அவள் கணவனோ தன் சிந்தனைக் குறிப்பில் அவள் அன்பையும் எளிமையையும் நன்றியோடு நினைக்கிறான். அத்தூற்றலுக்கும் புகழ்ச்சிக்கும் இடையில் நின்று காலத்தையும் பட்டத்தையும் நமக்கு உறுதிப்படுத்துவது காசே. இன்னும் ஒன்று. கி. பி. 253இல் மூன்று திங்களே ஆண்டு மாண்ட எமிலியன் என்பவனின் மனைவி கார்னீலியா சூபெரா, கி. பி. 260ஐ ஒட்டித் தானூப் ஆற்றங்கரையிற் கிளர்ந்தெழுந்த ரெகாலியனின் காலத்து டிரியாண்டில்லா. இவ்விருவரும் வாழ்ந்தனர் என்பதையே நாம் காசுகளால் அறிகிறோம். டிரியாண்டில்லாவுக்குப் புதிய வெள்ளியும் கிட்டவில்லை. பழைய தெனாரியஸ் காசுகளின்மேலேயே அவள் முகத்தை அடித்தனர். ஒரு முகத்தின்மேல் மற்றொரு முகம்! அவ்வாறேனும் ஒரு பெயர் பிழைத்ததே என்று நான் அக்கசாலைக்கு நன்றி கூறுகிறேன். சாட்சி கூலி வாங்கியவனாயினும், குறுக்கு விசாரணை செய்வோர்க்கு அவன் வாயினின்றும் உண்மை வெளிப்படும்.

நாணயம் என்னும் சொல் நம் மொழியிற் காசையும் வாய்மையையும் ஒருங்கே குறிக்கும். இக்காசுகள் நாணயத்தில் நாணயம் குறைந்த வரலாற்றையும் காட்டுகின்றன. செவரஸ் காலத்தில் தெனாரியஸில் ஏறத்தாழப் பாதியே வெள்ளி. அரை நூற்றாண்டுக்குப் பின் காலியேனஸ் காலத்தில், அவன் மனைவி சலோனினாவின் முகம் பொறித்த காசுகளில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. செம்பின்மேல் வெண்பூச்சே எஞ்சியது. ஆனால் பூப்பக்கத்துப் புகழ்ச்சி ஒரு சிறிதும் குறையவில்லை. அதே ஜூனோ, அதே வீனஸ், அதே கற்பு, அதே மகப்பேறு. வெள்ளி போனபின்னும் சொல் நின்றது. புகழ்ச்சிக்குச் செலவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மாணவ நண்பர்காள்! மகளிரைப் போற்றும் சொல்லையோ உருவையோ எங்குக் காணினும் மூன்று வினாக்களை எழுப்புங்கள் என்பதே நான் வேண்டுவது. இதனைச் செய்வித்தவர் யார்? இதனால் அவளிடம் எதனை எதிர்பார்த்தனர்? அவள் செய்தவற்றுள் எது இதில் இல்லை? உரோமாபுரிக் காசு இவ்வினாக்களைக் கற்பதற்கு நல்ல பாடநூல். சொற்போரில் வென்ற அம்மாணவர் இக்கட்டுரையைப் படிப்பாராயின், அவர் காட்டிய படத்தை நான் மறுக்கவில்லை என்பதையும், அதன் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்க்கவே அழைக்கிறேன் என்பதையும் அறிவார்.

இதனை எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்னும் ஐயமும் எனக்கில்லாமல் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அன்னையார் காலமானபோது, அவர் கல்லறைக்கு வாசகம் எழுதித் தந்தவன் யானே. கணவர்க்கு உகந்த மனைவி, மக்கட்கு இனிய தாய், பக்தியிற் சிறந்தவர் என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் முப்பது ஆண்டுகளாக மாலைதோறும் தெருப் பெண்பிள்ளைகளை உட்கார்த்தி எழுத்தறிவித்தவர் அவர் என்பதை எழுத எனக்குத் தோன்றவில்லை. டோம்னாவின் காசுகளில் எழுதுகோலைத் தேடிக் காணாது அயர்ந்த அன்றுதான் அக்கல் என் நினைவுக்கு வந்தது. சென்ற மாதம் சென்று பார்த்தேன். கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. இவ்விடுமுறையிற் கற்றச்சர் ஒருவரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.